'நம்ம ஊர் டேஸ்ட்' என்று இனி ஒருத்தரும் என்னிடம் சொல்லாதீர்கள்

"நம்ம ஊர் டேஸ்ட்டுக்கு ஏத்த மாதிரிதான் மேடம் பண்ணுவோம்."

இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்த முறை பாண்டிச்சேரியில் கேட்டேன். ஒயிட் டவுனில், அசல் இத்தாலியச் சாப்பாடு என்று வாசலிலேயே பலகை வைத்திருக்கும் ஓர் உணவகம். சனிக்கிழமை மதியம். ஈ.சி.ஆர். நெரிசலில் ஊர்ந்து வந்து, கார் நிறுத்த இடம் தேடித் தெருத் தெருவாகச் சுற்றி, வெயிலில் காத்திருந்துதான் மேஜை கிடைத்தது. அதெல்லாம் பரவாயில்லை, வார இறுதியில் பாண்டிக்குப் போனால் அப்படித்தான். தட்டில் வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். அதனால் யோசித்துத்தான் அவருக்கு ஸ்பகெட்டி அக்லியோ ஒலியோ, அதாவது பூண்டும் எண்ணெயும் சேர்த்த நீள பாஸ்தா, ஆர்டர் செய்தேன். காய்ந்த ஸ்பகெட்டியில் முட்டை கிடையாது, கோதுமை ரவையும் தண்ணீரும்தான். ஆலிவ் எண்ணெயில் பூண்டைப் பொறுமையாக வதக்கி, காய்ந்த மிளகாய் போட்டு, வெந்த ஸ்பகெட்டியை அதில் புரட்டி, மேலே கொஞ்சம் பார்ஸ்லி இலை தூவினால் முடிந்தது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் வீடுகளில் செய்யும் சமையல் அது. வீட்டில் ஒன்றுமே இல்லாத ராத்திரியில்கூட அவசரத்துக்குச் செய்துவிடலாம்.

சீஸ் போட வேண்டாம் என்று தனியாகவும் சொன்னேன். பார்மிஜானோ ரெஜியானோ என்ற பெயரில் விற்கும் சீஸைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனட் சேர்த்துத்தான் உறைய வைக்க வேண்டும். அது அந்தச் சீஸின் சட்டபூர்வமான விதி. நம் நாட்டில் செய்யும் சீஸ் பெரும்பாலும் நுண்ணுயிர் ரெனட்டில் உறைவது, அதில் சைவர்களுக்குச் சிக்கல் இல்லை. உங்களிடம் இருப்பது எது என்று கேட்டேன். ஆர்டர் எடுத்த பையனுக்குத் தெரியவில்லை. பாவம், அவனை யாரும் சொல்லிக்கொடுத்துத் தயார் செய்யவில்லை. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "சீஸ்தான் மேடம்" என்றான். மெனுவில் மட்டும் பச்சைப் புள்ளி பளிச்சென்று இருக்கிறது!

சரி, வந்தது என்ன? வெள்ளை சாஸ். கிரீம் ஊற்றிக் கொதிக்க வைத்து, சோளமாவு போட்டுக் கெட்டியாக்கியது. அதில் பேபி கார்ன், குடைமிளகாய், மேலே துருவிய சீஸ். பூண்டைத் தேடிப் பார்த்தேன். ஓரத்தில் கருகிய துணுக்குகள் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஃபோர்க்கில் சுற்றினால் ஸ்பகெட்டி சுற்றிக்கொள்ளவில்லை, அறுந்து அறுந்து விழுந்தது. அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "எனக்குப் பசியில்லைம்மா, நீங்க சாப்பிடுங்க" என்றார். காலையில் ஆறு மணிக்கு ஒரு டம்ளர் காபி குடித்தவர். பசியில்லையாம். மகளின் பணம் வீணாகிறது என்று மனசு கஷ்டப்பட்டுச் சொன்ன பொய் அது. எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான்.

ஏன் இப்படி என்று கேட்டபோதுதான் அந்த வசனம் வந்தது. நம்ம ஊர் டேஸ்ட்.

எது நம்ம ஊர் டேஸ்ட்? பூண்டும் மிளகாயும் எண்ணெயும் நம்ம ஊர் டேஸ்ட் இல்லையா? பூண்டுக் குழம்பும் மிளகுக் குழம்பும் வைத்துச் சாப்பிடும் ஊரில் வந்து, பூண்டைக் குறைத்து, மிளகாயை எடுத்துவிட்டு, கிரீமை ஊற்றிக் கொடுத்து, இதுதான் உங்கள் நாக்குக்கு ஏற்றது என்றால் என்ன அர்த்தம்? இத்தாலியின் தென்கோடியில் இருக்கும் கலாப்ரியாவில் மிளகாய் இல்லாமல் சமையலே கிடையாது. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து அவர்களுக்கும் போனது, நமக்கும் வந்தது. இரண்டு பேரும் அதைத் தங்கள் சொந்தச் சரக்காகவே ஆக்கிக்கொண்டார்கள். அந்தச் சமையலில் நம் நாக்குக்குப் பொருந்தாதது என்று தேடினால்தான் உண்டு. அதையும் இவர்களே கெடுத்து வைத்துவிட்டு நம் மேல் பழி போடுகிறார்கள்.

அப்புறம் பதம். சாம்பார் சாதத்துக்கு அரிசி குழைய வேண்டும், புளியோதரைக்கு உதிரியாக நிற்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஊர் இது. இங்கே வந்து, குழைந்துபோன பாஸ்தாதான் உங்களுக்குப் பிடிக்கும் என்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. காலையிலேயே பாஸ்தாவை முழுதாக வேகவைத்து, ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். ஆர்டர் வந்ததும் வெந்நீரில் முக்கி எடுத்து சாஸில் போடுகிறார்கள். ஏற்கெனவே வெந்தது இன்னொரு முறை வெந்தால் குழையாமல் என்ன செய்யும்? எண்ணெய் தடவிய பாஸ்தாவில் சாஸும் ஒட்டாது. அதை மறைக்கத்தான் கிரீம். ஸ்பகெட்டி வேக எட்டிலிருந்து பத்து நிமிடம் போதும். நடுவில் லேசான கடிப்பு இருக்கும்போதே எடுத்து, வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டுப் புரட்டினால், அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கும் மாவு எண்ணெயோடு கலந்து தானாகவே சாஸ் ஆகிவிடும். சோளமாவும் வேண்டாம், கிரீமும் வேண்டாம். ஒரு ஆள் அடுப்பருகே நின்று கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்துவிட்டு அதற்கு நம்ம ஊர் டேஸ்ட் என்று பெயர் வைக்கிறார்கள்.

கணவர் ஆர்டர் செய்த பென்னே அராபியாட்டா பாஸ்தா தித்தித்தது. அது தக்காளியும் பூண்டும் காரமும் சேர்ந்த சாஸ். காரமே அதன் உயிர். அதில் கெச்சப் ஊற்றி இனிப்பாக்கி வைத்திருக்கிறார்கள். காரம் வேண்டுமென்றால் மேஜையில் சில்லி ஃபிளேக்ஸ் பாக்கெட் இருக்கிறதாம்! மகனுக்கு வாங்கிய மார்கெரிட்டா பிட்சாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். விறகு அடுப்பு என்று எழுதியிருக்கிறது. நேப்பிள்ஸ் முறையில் 485 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறிய அடுப்பில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும், ஓரம் உப்பி அங்கங்கே கருகியிருக்கும், நடு மெத்தென்று இருக்கும். எங்களுக்கு வந்தது பிஸ்கட் மாதிரி காய்ந்த ரெடிமேட் அடித்தளம்.

மாற்றிச் சமைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பனீர் பிட்சா போடுங்கள், செட்டிநாடு பாஸ்தா போடுங்கள், அப்படியே பெயர் எழுதி விற்றால் ஆசையாக வாங்கிச் சாப்பிடுவேன். அசல் என்று பலகை வைத்து, அதற்கான விலையை வாங்கிக்கொண்டு ஏமாற்றுவதைத்தான் சொல்கிறேன். அதுவும் பாண்டிச்சேரியில்! ஆரோவில் பக்கத்திலேயே இருக்கிறது. இத்தாலியர்கள் பல வருஷமாக அங்கே வாழ்கிறார்கள். மொஸரெல்லா சீஸ் அங்கேயே செய்கிறார்கள். நல்ல சரக்கு கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லக்கூட இடமில்லை.

கடைசியில் பில். ஒரு தட்டு பாஸ்தா 550 ரூபாய். கீழே சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதையும் கூட்டி அதன் மேல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. பில்லில் தானாகவே சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, வழிகாட்டுதல் செல்லும் என்றது. விருப்பப்பட்டால் கொடுக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. மேனேஜரிடம் சொன்னேன். "இது எங்க பாலிசி மேடம், எல்லாரும் கொடுக்கிறாங்க" என்றார். சாப்பாட்டுக்கு நம்ம ஊர் டேஸ்ட், பில்லுக்கு எல்லாரும் கொடுக்கிறாங்க. செய்வதெல்லாம் இவர்கள், காரணம் மட்டும் எப்போதும் நாம்தான்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இங்கிருந்தே போன் செய்யட்டுமா என்று கேட்ட பிறகுதான் பில் திரும்பிப் போனது. சேவைக் கட்டணம் இல்லாமல் வந்தது. பரிமாறிய பையன் கையில் நானே பணம் கொடுத்தேன். அவன் உழைப்புக்குக் கொடுக்க எனக்குக் கசக்கவில்லை, அவன் பெயரைச் சொல்லி முதலாளி வசூலிப்பதுதான் கசக்கிறது.

பக்கத்து மேஜையில் ஒரு பெரிய குடும்பம். தாத்தா, பாட்டி, குழந்தைகள் என்று பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்கள் பில்லில் அந்தப் 10 சதவீதம் அப்படியே இருந்தது. என் பில்லில் எடுக்கலாம் என்று தெரிந்த அதே மேனேஜர்தான் அதையும் கொண்டுவந்து வைத்தார். கார்டை நீட்டப்போன அந்தப் பெரியவரிடம், "ஐயா, அந்த சர்வீஸ் சார்ஜை நீங்க கொடுக்கணும்னு அவசியமில்லை, எடுக்கச் சொல்லுங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். மேனேஜர் முறைத்தார். நன்றாக முறைக்கட்டும்.