ஸ்டாட்டின் நொதியை அழிப்பதில்லை

கொலஸ்ட்ராலைக் குறைக்கச் சாப்பிடும் ஸ்டாட்டின் மாத்திரையைப் பற்றி ஒருவர், "அது கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் நொதியையே அழித்துவிடும், மாத்திரையை விட்டாலும் திரும்ப வராது" என்று எழுதியிருக்கிறார். நிறைய பேர் லைக் போட்டிருப்பதால் சொல்கிறேன்: நடப்பது கிட்டத்தட்ட தலைகீழ்.

அந்த நொதி எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ். அதில் வினை நடக்கும் இடத்தில், பஸ் சீட்டில் துண்டு போட்ட மாதிரி ஸ்டாட்டின் இடம் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மருந்து விலகினால் நொதி மறுபடி வேலை செய்யும். இதற்கிடையில் செல்லுக்குள் கொலஸ்ட்ரால் குறைவதால், எஸ்ஆர்இபிபி-2 என்ற புரதத்தின் ஒரு துண்டு வெட்டுப்பட்டு உட்கருவுக்குப் போய் அந்த நொதிக்கான மரபணுவை முடுக்கிவிடும். நொதி சிதைவதும் மந்தமாகும். கடைசியில் நொதியின் அளவு பல மடங்கு கூடுகிறது! செயல்பாடு வேறு, அளவு வேறு. அதைக் குழப்பிக்கொண்டதால் வந்த வினை இது.

அப்படியானால் ரத்தத்தில் எல்டிஎல் என்கிற 'கெட்ட' கொலஸ்ட்ரால் எப்படிக் குறைகிறது? அதே எஸ்ஆர்இபிபி-2 எல்டிஎல் ஏற்பிகளையும் கூடுதலாகச் செய்ய வைக்கிறது. அவற்றைக் கொண்டு கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளும். (இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் கிடைத்தது.)

"திரும்ப வராது" என்பதும் தப்பு. இந்த நொதி சாதாரணமாகவே சில மணி நேரம்தான் தாங்கும். செல் பழையதைச் சிதைத்துப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் எல்டிஎல் பழையபடி ஏறிவிடும். அதனால் டாக்டரைக் கேட்காமல் யாரும் நிறுத்திவிடாதீர்கள்.