இல்லை என்று சொல்லித்தானே கூட்டிப்போனேன்?

மூன்று நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நம் டோரோவீப் கேம்பிங் ட்ரிப்பைப் பற்றி நீங்கள் போட்ட "ஏமாந்துட்டோம் மக்களே" வீடியோவை இன்று காலை ஊரிலிருந்து என் தங்கை அனுப்பி, "அண்ணா, இது நீங்க போன ட்ரிப்தானே?" என்று கேட்ட பிறகு முடியவில்லை. வீடியோவில் என் பெயர் இல்லை, "ஆர்கனைஸ் பண்ணவர்" என்று மட்டும்தான். ரொம்ப நன்றி.

டோரோவீப் என்பது அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் வடவிளிம்பில் ஒதுக்குப்புறமான ஒரு முகாம். அங்கே தண்ணீர் இல்லை. கரண்ட் இல்லை. சிக்னல் இல்லை. கடை இல்லை. குப்பைத்தொட்டிகூட இல்லை, நம் குப்பையை நாமேதான் திரும்பச் சுமக்க வேண்டும். கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் இணையதளத்திலேயே இதெல்லாம் இருக்கிறது. அதை வரி வரியாகத் தமிழில் டைப் பண்ணி குரூப்பில் போட்டேன். கட்டைவிரல் காட்டியவர்களில் நீங்களும் ஒருவர், நண்பரே. இல்லை என்று சொல்லிக் கூட்டிப்போன இடத்தில் இல்லை என்பது எப்படி ஏமாற்றாகும்?

"61 மைல் மண் ரோடு, முதுகு போச்சு" என்கிறீர்கள். அந்த ரோடு இருப்பதால்தான் அங்கே கூட்டம் இல்லை. ஆண்டுக்கு 40 லட்சத்துக்கு மேல் ஆட்கள் வரும் பூங்காவில், டோரோவீப்பில் மட்டும் ராத்திரி தங்க மொத்தமே பத்து இடம்தான். முகாமிலிருந்து ஒரு மைல் போனால் விளிம்பு. 3,000 அடி கீழே கொலராடோ ஆறு, அதன் இரைச்சல் மேலே வரை கேட்கிறது. அதைப் பற்றி வீடியோவில் எத்தனை விநாடி? கழிப்பறையைப் பற்றி நாலு நிமிஷம்!

ஃப்ளஷ் டாய்லெட் வேண்டுமா? தென்விளிம்பில் மேத்தர் முகாம் இருக்கிறது. 300க்கு மேல் இடம், குழாய், பக்கத்திலேயே கடை, ஓசி பஸ். தாராளமாகப் போங்கள், நானும் போயிருக்கிறேன். ஆனால் எல்லா இடத்தையும் மேத்தர் ஆக்கச் சொல்லாதீர்கள்.

"குழந்தைகளோடு போகிற இடமா? ஏதாவது ஆகியிருந்தால்?" என்று கமெண்ட்டில் ஒருவர். சரி, நியாயமான கேள்வி. விளிம்பில் கம்பி கிடையாது, ஆஸ்பத்திரி வெகுதூரம். கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், முதலுதவிப் பெட்டி கொண்டுபோனேன், இரண்டு ஸ்டெப்னி வைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லையே.

இப்போது சனிக்கிழமை காலை விவகாரம். அதையும் சொல்லத்தான் போகிறேன்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதற்கு மேல் கொஞ்சம் என்று கணக்குப் போட்டு நீலக் கேன்களில் தண்ணீர் ஏற்றியவன் நான். அப்பா முதல் முறையாக அமெரிக்கா வந்திருக்கிறார், 71 வயது, அவரும் கூட வந்தார். காலையில் ஒரு டம்ளர் தண்ணீரில் வாய் கொப்பளித்து, முகம் கழுவி, மிச்சத்தில் கைக்குட்டையை நனைத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ராமநாதபுரத்துக்காரர். கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பிய வீடு. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே நீங்கள் குடிதண்ணீர்க் கேனைச் சாய்த்துப் பிடித்துக் கார் கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருக்கிறீர்கள். செம்மண் ஒட்டியிருந்ததாம்!

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி டென்ட்டுக்குள் படுத்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "அவருக்கு எந்த ஊருடா?"

மதியம் தண்ணீர் குறைந்தபோது "பிளானிங் சரியில்லை" என்று முதலில் சொன்னதும் நீங்கள்தான். விறகு எரிக்கத் தடை என்பதால் கேஸ் அடுப்பில் பதினோரு பேருக்கு உப்புமா கிண்டியது என் மனைவி. "கேம்ப் ஃபயர்கூட இல்லாத கேம்பிங்" என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

இதெல்லாம் போகட்டும். வீடியோ கடைசியில், "காசு மிச்சம் பிடிக்கத்தான் இந்த மாதிரி இடமாப் பாக்குறாங்க" என்றீர்களே, அதுதான். உங்கள் டயர் பஞ்சரானபோது வெயிலில் முட்டி போட்டு ஜாக்கி ஏற்றியவன் நான். பெர்மிட் காசு, தண்ணீர், கேஸ் எதற்கும் யாரிடமும் ஒரு டாலர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்னவோ. எட்டு வருஷப் பழக்கம். ஒரு போன் போட்டுத் திட்டியிருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஒரு வீடியோவுக்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்பவர்களுக்கு: ஆமாம்.

அக்டோபருக்கு மறுபடியும் அதே இடத்துக்கு பெர்மிட் போடப்போகிறேன். அப்பா ஊருக்குத் திரும்புவதற்குள் இன்னொரு தடவை போகலாமா என்று அவரே கேட்டிருக்கிறார்.

பிறகு, உங்கள் மடக்கு நாற்காலி இரண்டும் என் கராஜில்தான் இருக்கின்றன. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். செம்மண் அப்படியேதான் இருக்கிறது, கழுவவில்லை.