25 புள்ளி நிபந்தனை: ஒரு திருத்தம்

அயோவா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் தாக்குதல் பயிற்சியாளர் பிரையன் ஃபெரன்ட்ஸின் 2023 ஒப்பந்தம், தாக்குதல் பிரிவு மட்டுமே ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளிகள் எடுக்க வேண்டும் என்று கோரியதாகச் சொல்லப்படுவது சரியன்று. தடுப்புப் பிரிவு ஈட்டும் புள்ளிகளும் அக்கணக்கில் சேர்ந்தன. 2022இல் சவுத் டகோட்டா ஸ்டேட் அணியை ஒரு டச்டவுன்கூட (பந்தை எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் கொண்டு சென்று ஆறு புள்ளிகள் பெறுவது) இன்றி 7-3 என அயோவா வென்றபோது, அந்த ஏழில் நான்கு புள்ளிகள் தடுப்புப் பிரிவு பெற்ற இரண்டு சேஃப்டிகளால் (பந்து வைத்திருக்கும் எதிரணி வீரரை அவரது சொந்த எல்லைப் பகுதியிலேயே வீழ்த்தி, தலா இரண்டு புள்ளிகள் பெறுவது) வந்தவை என்பதை நினைத்தால், இது எவ்வளவு பெரிய சலுகை என்பது புரியும். அப்படியும் 2023இல் சராசரி 15.4ஐத் தாண்டவில்லை, ரசிகர்களின் எரிச்சல் நியாயமானதே. பருவம் முடிந்த பின்னரே அவரை விலக்க முடிவெடுத்தார்கள் என்பதும் தவறு. அணி 6-2 (ஆறு வெற்றி, இரண்டு தோல்வி) என்ற நல்ல நிலையில் இருந்த அக்டோபர் 30 அன்றே, அவர் அடுத்த ஆண்டு தொடரமாட்டார் என்று பல்கலைக்கழகம் அறிவித்துவிட்டது.