‘சிவிலைசேஷன் 7’ ஆட்டத்தை விமர்சகர்கள் நிராகரித்தார்களா?

ஒரு நாகரிகத்தை வழிநடத்தி வளர்க்கும் வியூக வீடியோ ஆட்டமாக 2025 பிப்ரவரியில் வெளியான ‘சிட் மையர்ஸ் சிவிலைசேஷன் 7’ ஆட்டத்தை விமர்சகர்கள் ஒட்டுமொத்தமாக நிராகரித்துவிட்டார்கள் என்றும், கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் இணையதளத்தில் அதற்குக் கிடைத்த ‘கலவையான’ மதிப்பீடே அதற்குச் சான்று என்றும் ஒரு தகவல் பரவி வருகிறது. இது தவறு.

ஸ்டீமில் கருத்துச் சொல்பவர்கள் ஆட்டத்தை வாங்கியவர்களே, விமர்சகர்கள் அல்லர். அங்கே மதிப்பெண் போடும் வழியே கிடையாது. பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால், 50 விழுக்காடு என்று காட்டினால் பாதிப் பேர் பரிந்துரைத்தார்கள் என்றுதான் பொருளே தவிர, ஆட்டம் நூற்றுக்கு ஐம்பது வாங்கியது என்று பொருளல்ல. ‘கலவையான’ என்ற அடையாளம் 40 முதல் 69 விழுக்காடு வரை பொருந்தும்.

விமர்சகர்களின் மதிப்பீடுகளோ பெரும்பாலும் சாதகமாகவே இருந்தன. ஆட்டங்களை விமர்சிக்கும் இணையதளமான ஐஜிஎன் 10-க்கு 7 அளித்தது. அதே வகைத் தளமான யூரோகேமர் மட்டும் கடுமையாக, 5-க்கு 2 நட்சத்திரங்களே தந்தது. இப்படியான ஒரு விமர்சனத்தை வைத்து எல்லா விமர்சகர்களும் நிராகரித்தார்கள் என்று சொல்வது நியாயமல்ல.

குறைகள் இல்லாமல் இல்லை. தேவையான விவரங்களைத் தெளிவாகக் காட்டாத இடைமுகத்தைப் பலர் கண்டித்தார்கள். அது முற்றிலும் நியாயமான கண்டனம். தொன்மை, தேடல், நவீனம் என மூன்று காலகட்டங்களாக ஆட்டத்தைப் பிரித்து, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் நாகரிகத்தையே மாற்றச் சொன்ன துணிச்சலைச் சிலர் வரவேற்றார்கள், சிலர் ஏற்கவில்லை. செல்வாக்குப் புள்ளிகளைச் செலவிட்டு நடத்தும் அரசுறவு முறைக்கும், படைகளைத் தளபதியின் கீழ் திரட்டி நகர்த்தும் வசதிக்கும் பாராட்டு கிடைத்தது.