சித்தியின் சுருக்குப்பை

போன வாரம் பாம்பனில் சித்தியிடம் கருவாடு வாங்கினேன். கூடைக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை இருக்கிறது. நான் போனை எடுத்ததும், "அதுல விழுந்தா கடன் தவணைக்குப் பிடிச்சுக்கிருவாகய்யா, நீ கையில குடு" என்றார். அவர் சுருக்குப்பையில் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் அந்த வீட்டில் உலை கொதிப்பது அந்தப் பையை நம்பித்தான்.

டிஜிட்டல் ரூபாயையும் யுபிஐயையும் பலர் ஒன்றென்று நினைக்கிறார்கள். யுபிஐயில் பணம் வங்கிக் கணக்கில் கிடக்கும். நாம் அனுப்புவது உத்தரவு மட்டும். 2022 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கி பொதுமக்களிடம் சோதித்துவரும் டிஜிட்டல் ரூபாய், நோட்டைப் போலவே ரிசர்வ் வங்கியின் பணம். அது சித்தியின் சுருக்குப்பைப் பணம் போலவே இருக்க முடியுமா என்பதுதான் என் அக்கறை.

டிஜிட்டல் காசை ரொக்கம் போல மறைவாக விட மத்திய வங்கிகள் பயப்படுகின்றன. அந்தப் பயம் புரிகிறது. நோட்டைக் கொடுத்தால் அது நம் கையை விட்டுப் போய்விடும். டிஜிட்டல் காசை நகலெடுத்து இரண்டு பேருக்குக் கொடுத்தால்? இணையம் இருந்தால் அங்கேயே சரிபார்த்துவிடலாம். தனுஷ்கோடிப் பக்கம் சில நேரம் இலங்கை டவர்தான் பிடிக்கிறது. நடுக்கடலில் கேட்கவே வேண்டாம். கடத்தல் பணம் பற்றிய கவலையும் நியாயம்தான், நம் கடற்கரைக்கு அது தெரியாததா?

ஆனால் அதற்காகச் சித்தி விற்கும் ஒவ்வொரு 50 ரூபாய்க் கருவாட்டையும் பதிந்துவைக்க வேண்டியதில்லை. குறியாக்கவியல் அறிஞர் டேவிட் சாம் 1980களின் தொடக்கத்திலேயே இதற்கு வழி சொல்லிவிட்டார். கார்பன் தாள் ஒட்டிய உறைக்குள் நோட்டை வைத்து, வங்கி உறைமேல் கையெழுத்துப் போடுவது மாதிரி. கையெழுத்து உள்ளே பதியும், நோட்டின் எண் வங்கிக்குத் தெரியாது. 1988-இல் அமோஸ் ஃபியட், மோனி நாவோர் இருவரோடும் சேர்ந்து இணையம் இல்லாத இடத்துக்கும் முறை வகுத்தார்: ஒழுங்காகச் செலவழிப்பவர் யாரென்று தெரியாது, ஒரே காசை இரண்டு முறை கொடுத்தவரின் அடையாளம் மட்டும் வெளிப்பட்டுவிடும். சாம் தொடங்கிய மின்பண நிறுவனமான டிஜிகேஷ் 1998-இல் திவாலானது உண்மை. அதனால் அந்தக் கணிதம் பொய்யாகிவிடவில்லை.

சிறு தொகைகளுக்கு ரொக்கம் போன்ற மறைவு வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே 2022 அக்டோபர் கருத்துருவில் பேசியிருக்கிறது. இணையம் இல்லாமலும் செலுத்தும் வசதி வரும் என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தது. சரி, நல்லது. ஆனால் சிறு தொகை என்றால் எவ்வளவு, யார் எப்போது பார்க்கலாம் என்பதெல்லாம் சட்டத்தில் இருக்க வேண்டும். நோட்டு என்பதில் டிஜிட்டல் வடிவையும் சேர்க்க 2022-இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தியவர்களுக்கு இது முடியாத காரியம் இல்லை.

இதையெல்லாம் சித்தியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "போன் தண்ணியில விழுந்துட்டா?" என்றார். இணையம் இல்லாமல் போனுக்குள்ளேயே வைத்திருக்கும் காசு போனோடு போய்விடலாம். அந்த நட்டம் யாருடையது என்பதையும் அதே சட்டத்தில் எழுதட்டும்.