நாற்பத்தொரு ஓட்டைகள்

(நாகப்பட்டினம், கடுவையாற்றங்கரை. சுனாமிக்கு அடுத்த ஆண்டு, 2005இல் வந்த 28 அடி ஃபைபர் படகு ஒன்று கட்டுக்கயிற்றில் மிதக்கிறது. உள்ளிருக்கும் சாமான்கள் அத்தனையும் வலப்பக்கம் குவிந்து கிடந்தும், படகு மட்டும் வியக்கத்தக்க விதத்தில் நேராக நிற்கிறது. உரிமையாளர் மாசிலாமணி கையில் டிரில்லிங் மெஷினுடன் வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். மருமகன் கலியபெருமாள், என்ஜின் மெக்கானிக், கரையிலிருந்து ஏறி வருகிறார்.)

மாசிலாமணி: வாருங்கள் மாப்பிள்ளை, படகு இடப்பக்கம் சாய்கிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே, இப்போது பாருங்கள், தட்டின் மேல் கோலிக்குண்டை வைத்தால்கூட உருளாது.

கலியபெருமாள்: பார்த்தேன் மாமா. விசைப்படகுகள் ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடையில் கிடக்க, சின்னப் படகுக்காரர்கள் கொண்டுவருகிற மீனுக்கு நல்ல விலை கிடைக்கிற காலத்தில், மூன்று நாளாக நீங்கள் கரையில் கோலிக்குண்டு உருட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்தேன். அந்த ஐஸ் பெட்டி ஏன் விளிம்பில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது?

மாசிலாமணி: அதுதான் என் கணக்கு. 50 கிலோ ஐஸ் பார் மூன்றை உடைத்துப் போட்டால் 150 கிலோ ஆகிறது. அந்த 150 கிலோவை வலப்பக்கம் தள்ளிவிட்டால் இடப்பக்கத்துச் சாய்வு தானே சரியாகிவிடுகிறது.

கலியபெருமாள்: போகும்போது சரியாகிவிடும். நண்பகலில் ஐஸ் உருகி, அந்தத் தண்ணீரை நீங்கள் இறைத்துக் கொட்டிய பிறகு மறுபடி இடப்பக்கம் சாயும். மீன் விழுந்து பெட்டி நிறைந்தால் வலப்பக்கம் சாயும். மீனே கிடைக்காத நாளில் மட்டும், எவ்வளவு நஷ்டம் என்று கரையிலிருப்பவர்கள் சாய்வைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். எடை கூடிக் குறைகிற பொருளை நடுக்கோட்டில்தான் வைக்க வேண்டும் மாமா. இந்த இரண்டு டீசல் கேனுக்கும் அதே கதைதான். 35 லிட்டர் கேன் நிறைந்திருக்கும்போது ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். என்ஜின் குடிக்கக் குடிக்க அது இளைத்துக்கொண்டே போகும்.

மாசிலாமணி: பேட்டரி இளைக்காது அல்லவா? அதனால்தான் அதை முன்பக்கம், அணியத்தின் வலப்பக்கம் கொண்டுபோய் வைத்தேன்.

கலியபெருமாள்: பேட்டரி இளைக்காது, விளக்குதான் இளைக்கும். 12 வோல்ட் மின்சாரத்தை இவ்வளவு மெல்லிய ஒயரில் 20 அடி இழுத்தால், அது பின்புறம் வந்து சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிடும். போதாததற்கு, அலை அடிக்கிற இடத்திலேயே அதற்குக் குளியலறையும் கட்டிக்கொடுத்திருக்கிறீர்கள். இருக்கட்டும், காம்பஸ் பக்கத்தில் இருக்கிற அந்தக் கறுப்புப் பெட்டி என்ன?

மாசிலாமணி: ஸ்பீக்கர். வலைபோட்டுவிட்டுக் காத்திருக்கையில் பாட்டுக் கேட்க வேண்டாமா? காம்பஸுக்கு அருகே மட்டும்தான் இடம் மிச்சமிருந்தது.

(கலியபெருமாள் ஸ்பீக்கரை மெதுவாகத் தூக்கி இரண்டடி தள்ளி வைக்கிறார். காம்பஸின் அட்டை, தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர் திரும்பிப் படுப்பதுபோல் நகர்ந்து நிற்கிறது. மறுபடி அருகே கொண்டுவருகிறார். அட்டை பழைய இடத்துக்கே திரும்புகிறது.)

மாசிலாமணி: அடடே, பாட்டுப் போடாமலே ஆடுகிறதே!

கலியபெருமாள்: ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது மாமா. ஜிபிஎஸ் நின்றுபோன ஓர் இருட்டில் இந்த காம்பஸை நம்பி, பத்துப் பாகை தவறி, 30 மைல் ஓடினால், போக வேண்டிய இடத்திலிருந்து ஐந்து மைல் விலகியிருப்பீர்கள். நம் ஊரிலிருந்து கிழக்கே விலகினால் எல்லைக்கோடு எவ்வளவு பக்கத்தில் வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில் இருக்கிற காங்கேசன்துறையைப் பார்க்க ஆசையாக இருந்தால், 2023இல் கப்பல் விட்டிருக்கிறார்கள். டிக்கெட் எடுத்து, கடவுச்சீட்டோடு மரியாதையாகப் போய்வரலாம்.

மாசிலாமணி: சரி, அதை எடுத்துவிடுகிறேன். ஆனால் மாப்பிள்ளை, இவ்வளவு பேசுகிறீர்களே, இருபது வருஷம் நேராக நின்ற படகு இப்போது ஏன் சாய்கிறது என்று உங்களால் சொல்ல முடியுமா?

(கலியபெருமாள் பதில் சொல்லாமல் குந்தி உட்கார்ந்து, ஸ்குரு டிரைவரின் பிடியால் உட்தட்டைத் தட்டிக்கொண்டே போகிறார். வலப்பக்கம் ‘டக் டக்’ என்று தெளிவாகக் கேட்கிறது. இடப்பக்கம், ஈர மண்ணைத் தட்டியதுபோல் ‘தொப்’ என்று அடங்குகிறது.)

கலியபெருமாள்: அந்த மெஷினை இப்படிக் கொடுங்கள். இந்தப் பக்கவாட்டு அறையின் சுவரில், அடியோரமாக ஒரே ஓர் ஓட்டை போடுகிறேன்.

(ஓட்டையிலிருந்து டீத்தூள் வடித்த நிறத்தில் தண்ணீர் கசிகிறது.)

மாசிலாமணி: ஐயையோ! படகு மூழ்காமல் மிதப்பதற்காக அடைத்த நுரை அல்லவா உள்ளே இருக்கிறது?

கலியபெருமாள்: நல்ல நுரை தண்ணீரை உள்ளே விடாது. இருபது வருஷம் அலையில் அடிபட்டுத் தளர்ந்த நுரைக்கு ஒரு வழி கிடைத்துவிட்டால், சாம்பாரில் போட்ட வடைபோல் ஊறிக்கொண்டே இருக்கும். அந்த வழியை யார் போட்டுக்கொடுத்தது என்பதுதான் கேள்வி. இடப்பக்கத் தட்டில் மட்டும் 41 ஸ்குரு ஓட்டைகளை எண்ணினேன்.

மாசிலாமணி (குனிந்து, பாசத்தோடு): இது வயர்லெஸ் மாட்டியது. இது, அந்த இடத்தில் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று நாலு விரல் தள்ளி மாட்டியது. இது, முதலில் மாட்டிய இடமே தேவலை என்று தோன்றியபோது, பழைய ஓட்டை தளர்ந்துவிட்டதால் பக்கத்தில் போட்டது. இவை மூன்றும் உங்கள் அத்தை கொடுத்தனுப்பும் சோற்றுத் தூக்குக்கான கொக்கி.

கலியபெருமாள்: ஒரு கொக்கிக்கு மூன்று ஓட்டையா?

மாசிலாமணி: வெயில் படாத இடமாகத் தேடினேன் மாப்பிள்ளை. படகு திரும்பத் திரும்ப நிழலும் திரும்பிவிடுகிறது.

(மாலை. இருவரும் அறையை வெட்டித் திறந்து, ஊறிய நுரையை மூன்று சாக்குகளில் அள்ளிக் கரையேற்றிவிட்டார்கள். கடைசிச் சாக்கு இறங்கியதும் படகு மெல்ல வலப்பக்கம் சாய்கிறது. கோலிக்குண்டு ஒன்று எங்கிருந்தோ புறப்பட்டு, தட்டின் குறுக்கே உருண்டு, ஐஸ் பெட்டியில் முட்டி நிற்கிறது.)

மாசிலாமணி: இப்போது இந்தப் பக்கம் சாய்கிறதே!

கலியபெருமாள்: சாயத்தானே செய்யும்? சாமான் எல்லாம் இந்தப் பக்கம் இருக்கிறது. நாளை புது நுரை அடைத்து, மேலே ஃபைபர் பூசி, எல்லாவற்றையும் முன்பிருந்த இடத்திலேயே மாட்டிவிடலாம். பழைய ஓட்டைகளிலேயே ஸ்குரு உட்கார்ந்துவிடும்.

மாசிலாமணி (தலையைச் சொறிந்துகொண்டு): உட்காராது. வலப்பக்கம் இருந்த பழைய ஓட்டைகளையும் நடுவில் இருந்தவற்றையும் இனித் தேவையில்லை என்று நேற்றே ரெசின் ஊற்றி, தேய்த்து, பெயிண்டும் அடித்துவிட்டேன். இடப்பக்கத்துக்கு மட்டும் ரெசின் பற்றவில்லை.

கலியபெருமாள்: தண்ணீர் இறங்குகிற பக்கத்துக்கு மட்டும் பற்றவில்லையா! நல்லது மாமா. இனி இந்தப் படகில் எல்லாவற்றையும் கயிற்றால்தான் கட்டப்போகிறோம். உங்கள் அப்பா ஓட்டிய கட்டுமரத்தில் எத்தனை ஸ்குரு இருந்தது?

மாசிலாமணி: ஒன்றுகூட இல்லை. சரி, கட்டுங்கள். சோற்றுத் தூக்குக்கு மட்டும் ஒரே ஒரு கொக்கி அடித்துக்கொள்கிறேன். மெஷின் எங்கே?

கலியபெருமாள்: மூன்றாவது சாக்கோடு அத்தையிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். வேண்டுமானால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.