தேர்தல் வந்தால்தான் பெட்ரோல் விலை நிற்குமா?

பெட்ரோல் விலையை எண்ணெய் நிறுவனங்கள்தான் முடிவு செய்கின்றன, அரசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2017 ஜூனில் இருந்து கச்சா எண்ணெய்க்குத் தக்கபடி தினமும் விலை மாறும் என்றார்கள். சரி, மாறட்டும். ஆனால் 2021 நவம்பரில் தொடங்கி நாலரை மாதம் எண்ணெய் நிறுவனங்கள் விலையைத் தொடவே இல்லையே, அதற்குள் உக்ரைன் போர் வெடித்து கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலரைத் தாண்டிப் போய்விட்டது, அப்போது மட்டும் எப்படி ஏறாமல் நின்றது? உத்தரப் பிரதேசம், பஞ்சாப் உட்பட ஐந்து மாநிலங்களில் தேர்தல், அதுதான். மார்ச் 10 அன்று முடிவு வந்தது, 22ஆம் தேதி ஏற ஆரம்பித்தது, ஒரு நாளைக்கு 80 பைசா வரை ஏறி ஏறி ஏப்ரல் 6க்குள் லிட்டருக்குப் பத்து ரூபாய். காலையில் பெட்ரோல் பங்குக்குப் போனால் போர்டில் நேற்றைய எண் இருக்காது.

சரி, கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்கு விழுந்த 2020இல் நமக்குக் குறைந்ததா? மே மாதம் பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் கலால் வரியைக் கூட்டி அந்த லாபத்தை மத்திய அரசே எடுத்துக்கொண்டது. அப்புறம் 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தல் தேதி அறிவிக்கும் நேரத்தில், 2 ரூபாய் குறைத்தார்கள். ஷேர் ஆட்டோவில் ஏற்றிய ஐந்து ரூபாயை அந்த இரண்டு ரூபாய்க்காக யாரும் குறைக்கவில்லை.